பூமாலையின் ரத்தத்துக்கு ஒரு பாடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு லேபில் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. ஊசி குத்திய பெரியவர் அரங்கநாதன் ரத்தத்தை இழுத்துக்கொண்டே கதையையும் விட்டார். எனக்கு பி-12 வைட்டமின் கம்மி என்று ரிசல்ட் வந்தது. அது குறைந்தால் மறதி வருமாம். ஆகவே கீழே ஏதாவது விடுபட்டிருந்தால் பழி என்மேல் இல்லை.

முதல் தொடக்கம்: கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்திருந்த அந்த...

வேண்டாம். மலைக்கும் ரத்தக் குப்பிக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் தொடக்கம்: நடக்கும்போதே பூமாலையின் செருப்பு கழன்று விழுந்தது, விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. (இது இருக்கட்டும்.)

2

1987. இடஒதுக்கீடு கேட்டு வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரம். பூமாலை களையெடுக்கிறவள், முப்பத்திரண்டு வயது. பாதத்தில் தொடங்கிய மரப்பு முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வைட்டமின் குறைவுதான் என்றால் ஊசியில் சரியாகும், தள்ளிப்போட்டால் நடையே போய்விடும், ஆனால் ரிசல்ட் பார்க்காமல் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார் டாக்டர். அந்தச் சோதனை சென்னையில்தான் உண்டு.

அரங்கநாதன் அப்போது அந்த டாக்டரிடம் ரத்தம் எடுக்கும் இளவட்டம். ரத்தக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, மறியல் எப்போது முடியுமோ, மறுபடி போய் வாங்க முடியாது என்று ரிசல்ட்டை நேராக வீட்டுக்கே தபாலில் அனுப்பும்படி பூமாலையின் விலாசத்தையும் எழுதி, அவள் புருஷன் செல்லமுத்துவோடு பஸ் ஏறினார். எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. ஐஸ் உருகுவது நிற்கவில்லை.

3

மறியலுக்குத் தலைமை வீரமுத்து. (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அவருடைய தம்பி படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறான்; நியாயமான கோபம்.) அரங்கநாதன் பிளாஸ்கைத் திறந்து காட்டிக் கெஞ்சினார்.

"சாவுக்கு மட்டுந்தான் வழி வுடுவோம்ங்க. இது கட்டுப்பாடு."

சரி, சாவுதானே வேண்டும்? இருவரும் பின்னால் போய் மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். நடுவில் பிளாஸ்க், மேலே செல்லமுத்துவின் வேட்டி. தூக்க பஸ்ஸிலிருந்து இரண்டு பேர். ஒரு பிளாஸ்குக்கு நாலு தோள்.

வீரமுத்து பாடையைப் பார்த்தார். "ரொம்ப சின்ன உசுரா இருக்குதே. யாருங்க?"

செல்லமுத்துவுக்குப் பொய் வராது. குப்பியில் ஒட்டியிருந்த பெயர்தான் வாயில் வந்தது. "எம் பொண்டாட்டி. பூமாலை."

சொன்னதும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. எந்த நேரமும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டதாக அவருக்குப் பட்டது. மறியல்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள், கிளைகளை இழுத்துப் போட்டார்கள். வீரமுத்துவே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அந்தப் பக்கம் போனதும் கிடைத்த வண்டிகளில் மாறி மாறி ரத்தம் சென்னை போய்ச் சேர்ந்தது.

4

சாவுச் செய்தி அவர்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. பூமாலை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். சின்னம்மா காசியம்மாள் கோடித்துணியோடு அழுதுகொண்டே வந்தாள்.

"யாரு சின்னம்மா செத்தது?"

"நீதான்டி."

ஊரே சிரித்து அடங்கியது. சாவுச் செய்தி எட்டியிருந்த பக்கத்து ஊர்த் தபால்காரருக்கு மட்டும் அது பொய் என்று யாரும் சொல்லவில்லை. செத்தால் சொல்லியனுப்ப ஆள் உண்டு. சாகவில்லை என்று சொல்லியனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லையே. பதினாறாம் நாள் வந்த ரிசல்ட் உறையில் அவர் 'பெறுநர் இறந்துவிட்டார்' என்று எழுதி, தெருவுக்குள்ளேயே வராமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

5

முடிவு ஒன்று: டாக்டர் மனமிரங்கி...

(டாக்டரை நான் அப்படி எழுதவில்லை.)

முடிவு இரண்டு: இன்னொரு முறை ரத்தம் எடுத்து, இன்னொரு பாடை...

(செல்லமுத்து ஒத்துக்கொள்ள மாட்டார்.)

பிறகு என்ன ஆயிற்று என்று அரங்கநாதனைக் கேட்டேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான் எழுதிய வரையில், திருப்பி அனுப்பிய உறை இன்னும் வழியில்தான் இருக்கிறது, மரப்பு முழங்காலைத் தொட்டுவிட்டது. முடிவு என் கையில் இல்லை. நீங்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் போகிறவராக இருந்தால், தபால்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பூமாலை சாகவில்லை. வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க முடியாமல்.