மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இது என் சொந்தச் சரக்கு அல்ல. திரைத்துணிக் கடை வைத்திருக்கும் சித்தப்பா சித்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை, அடுத்த அறையிலிருந்து ஒட்டுக்கேட்டேன். காதில் விழாததை நானே தைத்துச் சேர்த்தேன்.

2

"தந்தையின் அரவணைப்பு கிட்டாத பிஞ்சு உள்ளங்களுக்கு…"

வேண்டாம். நன்கொடை நோட்டீஸ் வாடை அடிக்கிறது.

சித்தப்பா ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பெண்ணுக்குத் துணையாக இருந்தார். (அப்பா உதவாத பிள்ளைகளை ஒரு பெரியவரோடு சேர்த்துவிடும் சங்கத்தின் ஏற்பாடு. இவள் அப்பா இருக்கிறார். இரண்டு தெரு தள்ளி, வேறொரு குடும்பத்தோடு.) பதினேழு வயது. லிஃப்ட் மெக்கானிக் படிப்பில் சேர வேண்டும் அவளுக்கு. சித்தப்பா பாடம் கேட்பார், விண்ணப்பம் நிரப்புவார், திட்டும் வாத்தியாரிடம் போய்ப் பேசுவார்.

[இங்கே 'கருணையே உருவான' என்று எழுதி அடித்தேன். மனிதர் களைத்துவிட்டார். ஆறு நாள் வாடிக்கையாளரிடம் இளித்துவிட்டு ஏழாம் நாளும் சிரிக்கத் தாடை என்ன இரும்பா?]

3

மாதம் இரண்டு சனிக்கிழமை போதும் என்பது அவர் எண்ணம். எங்கள் குடும்பத்தில் மனதில் இருப்பதை முதலில் சொல்லும் வழக்கம் இல்லை. கடையில் வைத்து, ஒன்று என்று ஆரம்பித்தார்.

"இனிமே மாசத்துக்கு ஒரு சனிக்கிழமைதாம்மா முடியும்."

"ஏன் அங்கிள், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு. ஒண்ணுதான். அதுக்கு மேல ஆகாது."

இப்போது அவள் மூன்று கேட்க வேண்டும். இவர் முகம் சுளிக்க வேண்டும். இரண்டில் முடிய வேண்டும்.

"சரி அங்கிள்."

"என்ன சரி?"

"மாசம் ஒண்ணு. அப்போ வர்ற சனிக்கிழமை இன்டர்வியூக்கு நானே போய்க்கறேன்."

"பெரியவங்க கூட வரணும்னு போட்டிருக்கே!"

"வரலைன்னா வெளிய தள்ளவா போறாங்க? எங்கப்பாவும் பொறந்தநாளைக்கு மட்டும் வரேன்னு சொன்னாரு. அப்பவும் சரின்னுதான் சொன்னேன்."

"வந்தாரா?"

"நீங்க சொன்னா வருவீங்க அங்கிள்," என்று பையை மாட்டிக்கொண்டு கடைப் படி இறங்கிவிட்டாள்.

(அடிக்குறிப்பு: கேட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள்தான் பேரம் பேசுவார்கள். அவளுக்கு அந்த நம்பிக்கையை யார் தந்தார்கள்?)

4

முடிவு ஒன்று: சித்தப்பா பின்னாலேயே ஓடி… அறுபது வயதில் ஓடவிட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

முடிவு இரண்டு: அவள் திரும்பி வந்து, "மூணு!" என்கிறாள். ஆசைதான். அவள் வரமாட்டாள்.

முடிவு மூன்று: நடந்தது எதுவோ அது. "கூப்பிட்டீங்களா இல்லையா?" என்று சித்தி கேட்டது வரை எனக்குத் தெரியும். அதற்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆகவே அவரைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பேரத்தில் எழுந்து போகிற ஆளைக் கூப்பிட்டால் தோற்றது நாம் என்று பழகிய வாய். அவ்வளவு சீக்கிரம் திறக்காது. எதிரே பஸ் வந்துவிட்டது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அடுத்த வாக்கியத்தை எழுதினால் பஸ் கிளம்பிவிடும்.

எழுதவில்லை. நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். அவருக்கு மூட்டுவலி, கடைக்கு நாலு படி.