சும்மா எரிகிற விளக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின்னிருக்கையில் கிடைத்தது. செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்தவரின் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் பெட்ரோல் பங்க் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “பெட்ரோல் இல்லையா?” என்றேன். “நேத்துதான் ரொப்பினேன். அது சும்மா எரியும் சார்” என்றார். அப்புறம் அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நானோ வீடு வரும்வரை வேறெதையும் பார்க்கவில்லை.

அவரை அப்படியே விட்டுவிட்டேன். விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘சதுரங்கப்பட்டினத்துக் கடலின் மேல் சூரியன் மெல்ல—’

(வேண்டாம். டயாலிசிஸுக்குப் புறப்படும் வீட்டில் யாரும் சூரியனைப் பார்ப்பதில்லை.)

அடுத்தது: ‘கிருபாகரனின் கார் அவருடைய கல்யாணத்தைவிட—’

(பழைய கார். அது போதும்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: பிரிசில்லாவின் பயமெல்லாம் அந்த விளக்கின் மேல்தான்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. மறைமலைநகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் கிருபாகரன், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போவார். நேரத்துக்குப் போகாவிட்டால் மிஷின் அடுத்தவருக்குப் போய்விடும். அன்று இரவு அவளால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். நடுவழியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பில், வழியெல்லாம் விளக்கைப் பார்த்தபடியே கண்ணை மூடாமல் ஜெபம் பண்ணுவாள்.

“டாங்க் ரொம்பி கீதுன்னு நீ சொல்ற. காலின்னு அது சொல்லுது. நான் யார நம்பட்டும்?”

“கட்னவன நம்பு.”

“அது உன்ன மாரி இல்ல. மறக்காம தெனம் எரியுது.”

3

விளக்கு எதற்காக எரிகிறது என்று கிருபாகரன் தேடியதை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். சுருக்கிவிடுகிறேன். டாங்கை நிரப்பிப் பார்த்தார், எரிந்தது. ஃபியூஸ் மாற்றினார், எரிந்தது. டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார், அதற்கும் எரிந்தது. கடைசியில் பின்னிருக்கையைத் தூக்கி, டாங்கின் மூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே கம்பியின் நுனியில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதில் ஓட்டை விழுந்து, பெட்ரோல் புகுந்து அடியில் கிடந்தது. அதனால் டாங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே விளக்குக்குச் செய்தி போயிற்று.

புது மிதவை சென்னையிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்றார் மெக்கானிக்.

4

இங்கே சாம் வருகிறான். பிரிசில்லாவின் தம்பி, மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறவன். (இவனைக் கோமாளி ஆக்கிவிடுவேனோ என்று பயந்து ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன்.)

“மிதவைக்கா மாமா பேஜாரு? எங்க வலை பூரா அதான்.”

வலையில் கட்டும் தெர்மாகோல் மிதவையில் ஒரு துண்டு அறுத்து, பாலிதீன் கவரில் சுற்றி, டேப் ஒட்டிக் கம்பியில் கட்டினான்.

“பெட்ரோல் மச்சான் அது. ஒண்ணும் ஆவாதே?” என்றார் கிருபாகரன்.

“கடல்லயே முழுவாது. இந்த டாங்குலயா முழுவப் போவுது?”

விளக்கு அணைந்தது. அடுத்த பயணத்தில் பிரிசில்லா வழியெல்லாம் தூங்கினாள். கிருபாகரன் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார்.

5

அதற்கடுத்த பயணத்தில் சாமும் ஏறிக்கொண்டான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் விளக்கு எரிந்தது. கார் விக்கியது. நின்றது.

“ஆட்டிப் பாரு மச்சான்.”

சாம் காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினான். கிருபாகரன் காதை வைத்துக் கேட்டார். களக், களக். பெட்ரோல் இருந்தது.

பிரிசில்லாவைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து, பின்னிருக்கையைத் தூக்கினார்கள். சாம் கம்பியை வெளியே எடுத்தான். டேப் அவிழ்ந்து, கவர் மட்டும் தொங்கியது. உள்ளே இருந்தது பசையாகி நூல் நூலாக வழிந்தது.

(கடலில் வருஷக்கணக்காகக் கிடக்கும் தெர்மாகோலைப் பெட்ரோல் கரைத்துவிடும். அந்தப் பசைதான் எஞ்சினுக்குப் போகும் வழியை அடைத்திருந்தது. கடலையே பார்த்து வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?)

சாம் கையைத் துடைக்கவில்லை. அக்காவின் முன்னால் போய் நின்றான்.

“நாந்தான்கா கெடுத்துட்டேன்.”

“உட்றா. போன வாட்டி வழி பூரா தூங்கினு போனேன். எத்தினி மாசமாச்சு அப்டி தூங்கி. அது நீ குட்த்தது.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “கைய தொட. பெட்ரோல் நாத்தம்.”

கிருபாகரன், தெரிந்த ஆட்டோக்காரர் குமாருக்குப் போன் செய்தார்; அவர் மாமல்லபுரத்தில் சவாரியில் இருந்தார். ஒரு பஸ் படிக்கட்டு வரை ஆளோடு போயிற்று. அவளால் நிற்க முடியாது.

6

இந்த இடத்தில் சங்கரி வந்தாள். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவள். எதிர்த்திசையில் போகிறவள் காரைத் திருப்பி, பிரிசில்லாவை ஏற்றிக்கொண்டு— என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் தோழி அனு, “சரியான நேரத்துக்கு ஒரு நல்லவங்க வர்றது எழுதுறவங்களுக்குத்தான் வசதி. அந்த ரோட்டுல யாரு நிக்கிறாங்க?” என்றாள்.

சரி என்று மாற்றி எழுதினேன். ‘யாரும் நிற்கவில்லை. மாலையில் பிரிசில்லாவை—’ மேலே போக முடியவில்லை. எழுதிய எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று: பிரிசில்லா ஜெபிக்கிறாள், எஞ்சின் உயிர்பெறுகிறது. அதையும் அடித்தேன். ஆண்டவரால் பசையைக் கரைக்க முடியாது என்பதால் அல்ல. அந்த மாதிரி வேலைகளை அவர் பெரும்பாலும் அந்த வழியாகப் போகிறவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார் என்பது என் அனுபவம்.

7

ஆகவே சங்கரியை எடுத்துவிட்டேன். அனு சொன்னதற்காக அல்ல. அவள் வந்துவிட்டால் நீங்களும் நானும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவோம்.

பிரிசில்லா மரத்தில் சாய்ந்து, வாயால் மூச்சு விடுகிறாள். சாம் துண்டால் அவளுக்கு விசிறுகிறான். மிஷின் அவளுக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கும். கிருபாகரன் சாலை ஓரத்தில் கையை நீட்டி நிற்கிறார். யாரிடமும் கேட்டுப் பழகாத கை, பாதிதான் நீண்டிருக்கிறது.

வளைவில் ஒரு கார் வருகிறது. ஓட்டுகிறவரின் பெயரை நான் எழுதவில்லை. பிரேக் உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது.