பூஜைக்குள் போன பேனா

சத்தியமாகச் சொல்லுகிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் இனிமேல் நான் எழுதும் எதையும் யாரும் படிக்க வேண்டாம்.

பூதப்பாண்டி வைகுண்டராஜன் தன் நாவலின் கடைசி அத்தியாயத்துக்காகப் பதினொரு வருஷம் காத்திருந்தார். அது வந்தது துர்க்காஷ்டமி சாயங்காலம். மனைவி கோமளவல்லி வீட்டிலுள்ள புத்தகம், நோட்டு, பேனா எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, பட்டுத்துணி மூடி, விளக்குக் கொளுத்திய அதே நிமிஷத்தில். இனி விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை அந்த வீட்டார் எங்கேயும் எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. நாகர்கோவில் பதிப்பாளர் அனில்குமாரோ, தசமி மத்தியானத்துக்குள் அத்தியாயம் வராவிட்டால் நாவலே வேண்டாம் என்றிருந்தார்.

ஒரேயொரு வரி எழுதிக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"பதினோரு வருசமா சும்மா கிடந்த கை, இண்ணைக்குத்தான் அரிக்குதாக்கும்?"

நவமி விடிந்ததும் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடக்க ஆரம்பித்தார். வடை பொதிந்த காகிதத்தைக்கூட விடாமல் வாசிக்கிற மனுஷன். காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். சோப்பைத் தேய்த்து அதன் பெயர் அழிந்த பிறகே குளித்தார். வாய் திறந்தால் வாக்கியம் உதிர்ந்துவிடும் என்று சாயாவைப் பல்லிடுக்கு வழியாகக் குடித்தார். அத்தியாயம் கழுத்துவரை ஏறி, சட்டையின் மேல்பொத்தான் தெறித்தபோது பஸ் ஏறிவிட்டார். போர்டை வாசிக்காமல் ஏறியதால் குலசேகரம் வரை போய்த்தான் மணக்குடிக்குத் திரும்ப முடிந்தது.

அங்கே மீன் ஏலம் போடும் மரியான் அவருடைய முப்பது வருஷ சிநேகிதர். வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர்; வீட்டில் சரஸ்வதி பூஜை கிடையாது. இவர் சொல்லச் சொல்ல அவர் ஏழு பக்கம் மடமடவென்று எழுதினார். கதாநாயகன் வள்ளம் இறக்கிக் கடலில் மூழ்கும் இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இந்தக் காத்துல கிறுக்கன்கூட வள்ளம் இறக்கமாட்டான், ஓய்."

"அவன் சாகணும் வே. அவனக் கொல்லதுக்குத்தான் பதினோரு வருசமா அலையுதேன்."

"அப்பம் மலையில கொண்டுபோய்க் கொல்லும். எங்க கடலுக்குப் பேரு கெட்டுப்போகும்."

பேனாவை இவர் தொடக்கூடாது. கெஞ்சினார். கோபித்துக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். மணலில் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் கதாநாயகன் கரையிலேயே நின்று, சாளை மீன் வாங்கி வீட்டுக்குப் போனான். குழம்பு நன்றாக இருந்தது என்று மரியான் தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்து முற்றுப்புள்ளி வைத்தார்.

தசமி காலையில் பூஜை எடுத்ததும், வைகுண்டராஜன் பச்சரிசியில் விரலால் முதலெழுத்து எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தார். அவனை மறுபடி மூழ்கடிக்கப் பார்த்தார். குழம்பு வாசனைதான் அடித்ததே தவிர ஒரு வரி வரவில்லை. பதினொன்றரை பஸ்ஸில் மரியானின் கையெழுத்துப் பிரதியே நாகர்கோவிலுக்குப் போனது. நாவலிலேயே உருப்படியான அத்தியாயம் இது ஒன்றுதான் என்று அனில்குமார் அச்சுக்குக் கொடுத்தார்.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த வருஷம் வைகுண்டராஜனின் சித்தப்பா இறந்து பதினாறு கழியாததால் அந்த வீட்டில் பூஜையே வைக்கவில்லை. நோட்டும் பேனாவும் மூன்று நாளும் மேசைமேல்தான் கிடந்தன.