பம்பாயிலிருந்து வரவேண்டிய பிளேட்டு

மெக்கானிக் முத்துக்கருப்பன் என்னிடம் பேசும்போதெல்லாம் என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான். கேட்பவள் நான், பதில் போவது அவருக்கு. "கிளட்ச் பிளேட்டு எப்ப வரும்?" என்று நான் கேட்டால், "பம்பாயில இருந்து வரணும் சார்" என்பான். சார் தலையை ஆட்டுவார். பானெட்டை எங்கே பிடித்துத் தூக்குவது என்பதுகூட அந்தச் சாருக்குத் தெரியாது.

வண்டி என்னுடையது. 1956ஆம் வருஷத்து மாரிஸ் மைனர், சாம்பல் நிறம், நாலு கதவு. சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் பிலோமினாள் என்று என் பெயர்தான் இருக்கிறது. வண்டியோடு ஒரு ரிப்பேர் புத்தகமும் வந்தது. நான் சயன்ஸ் டீச்சர், அதை வரி விடாமல் படித்தேன். பத்து வருஷமாக பிளக் துடைப்பதும், பாயின்ட்டுக்கு இடைவெளி வைப்பதும், பிரேக்கில் காற்று எடுப்பதும் என் கை வேலைதான். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் டாக்டரம்மா பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வண்டியைத் தெருவில் விட்டுப் போகும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டால் எந்தத் திருடனாலும் ஓட்ட முடியாது என்று. கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கணவர் ஓட்டுவார். அவர் ஆரோக்கியநாதன், மதுரை தல்லாகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். கோயிலுக்குப் போகும் வழியில் நாலு பேர் பார்ப்பார்கள், பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதாம். ஆறு நாள் நான் கிரீஸ் தடவி வைப்பேன், ஏழாம் நாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். போகட்டும், ஒரு மைல்தானே என்று நானும் விட்டிருந்தேன். அந்தப் புத்தியை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

எழுபத்தேழு ஜூனில் எழுமலைப் பள்ளிக்கு என்னைத் தலைமை ஆசிரியையாகப் போட்டார்கள். பதினெட்டு வருஷம் காத்திருந்து வந்த வேலை. காலை எட்டே முக்காலுக்கு மணி அடிக்க வேண்டும். காரில் போனால் ஒன்றரை மணி நேரம். எழுமலையிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்குகிறேன் என்றதற்கு, "புருஷன் பிள்ளைகள விட்டுட்டா? ஊரு என்ன சொல்லும்?" என்றார் இவர். சரி, கார் இருக்கிறதே என்றேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. அதை மட்டும் வீட்டில் செய்ய முடியாது, எஞ்சினை இறக்கியாக வேண்டும். அவனியாபுரத்தில் முத்துக்கருப்பனின் பட்டறையில் வண்டியை விட்டேன்.

"ஒரே வாரம் சார்" என்றான் அவன், அவரைப் பார்த்து.

ஒரு வாரம் ஆறு வாரமானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நின்றேன், துணைக்கு இவரும் வருவார். என் எஞ்சினை இறக்கி ஒரு லாரி டயரின் மேல் வைத்து, கோணிச் சாக்கால் மூடிக் கட்டியிருந்தான். "தூசி படக்கூடாதுல்ல சார்." நல்ல அக்கறை என்று நான்கூட நினைத்தேன். நான் பஸ்ஸில் அலைந்தேன். உசிலம்பட்டியில் இறங்கி எழுமலை பஸ் பிடிக்க வேண்டும். அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஆறு வாரத்தில் பதினோரு நாள் பிந்திப் போனேன். பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக வெயிலில் நிற்க, தலைமை ஆசிரியை மூச்சிரைக்க ஓடிவருகிற அழகை ஊரே பார்த்தது. பள்ளி மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒரு நாள் பிந்தினாலும் நான் டவுன் பள்ளிக்குப் பழையபடி டீச்சராகத் திரும்பிவிட வேண்டும்.

அதை வீட்டில் வந்து சொன்னபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வர்றது வரட்டும் பிலோமி. உடம்பப் பாரு, எம்புட்டு இளைச்சுட்ட" என்று ஆறுதல் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

ஜூலை கடைசி வியாழன் சாயங்காலம், உசிலம்பட்டியில் மதுரை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே டீக்கடை ஓரத்தில் கறுப்பு மாரிஸ் மைனர் ஒன்று பானெட்டைத் திறந்து நின்றது. பஞ்சுக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் நல்லகாமனுடையது. இந்தப் பக்கத்தில் என் வண்டியை விட்டால் அது ஒன்றுதான். டிரைவர் சின்னான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

கார்புரேட்டரின் தலையில் பித்தளை மூடி பளபளத்தது.

அது என் மூடி. மூன்று வருஷத்துக்கு முன் என் கார்புரேட்டரின் மூடி உடைந்து, ஊரெல்லாம் தேடியும் கிடைக்காமல், பள்ளி லேபில் கழித்துப் போட்ட ஸ்பிரிட் விளக்கின் மூடியை எடுத்து, கடைசல்காரரிடம் மரை வெட்டி வாங்கி நானே பொருத்தியது. லேப் சாமான் என்பதால் 14 என்று நம்பர் கொத்தியிருக்கும். கைக்குட்டையால் துடைத்தேன். 14 இருந்தது.

"தள்ளி நில்லுங்கம்மா, ஆவி அடிக்கும்" என்றார் சின்னான்.

"இந்தக் கார்புரேட்டர் எங்க போட்டது?"

"நம்ம முத்துக்கருப்பண்ணே பட்டறையிலதான். ஒரு மாசமாச்சு. ஏன் கேக்குறீக?"

எனக்குள்ளிருந்துதான் ஆவி அடித்தது. என் வண்டியின் குடலை உருவி இன்னொரு வண்டிக்கு வைத்துவிட்டு, தூசி படக்கூடாது என்று சாக்குப் போட்டு மூடியிருக்கிறான். ஆறு சனிக்கிழமை அந்தச் சாக்குக்கு முன்னால் நான் பக்தியோடு நின்றிருக்கிறேன். இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்றுதானே அந்த மூடியைக்கூட மாற்றாமல் அப்படியே மாட்டினான்? திருடியதைவிட அந்த அலட்சியம்தான் எரிந்தது.

நல்லகாமன் டீக்கிளாஸோடு வந்தார். அறுபது வயது, கனத்த மீசை. "டீச்சரு, சார் வரலையா?" என்றார்.

"கார்புரேட்டர் என்னுது. சார் எதுக்கு வரணும்?" என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. மூடியின் கதையைச் சொல்லி நம்பரைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், முகம் சுண்டிப்போனது.

"எனக்கு இது தெரியாது தாயி. அடுத்தவுக சாமான வச்சு ஓட்டுறவன் நான் இல்ல. சனிக்கிழம காலையில அவன் பட்டறைக்கு நானே வாரேன். அங்கனயே கழட்டி உங்க கையில தந்துட்டுப் போறேன்" என்றார்.

வீட்டில் நான் இதைச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை, "உடம்பு சரியில்ல, நீ மட்டும் போயிட்டு வா" என்றார் என் கணவர். போனேன். நல்லகாமன் சொன்னபடி வந்திருந்தார். நான் நேராகப் போய்ச் சாக்கை அவிழ்த்து எறிந்தேன். கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. முத்துக்கருப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான், பேசுவதற்கு என் பக்கத்தில் இன்று சார் இல்லை.

"எவ வந்து கேக்கப்போறான்னு நெனச்சியாடா?" என்று நல்லகாமன் உறுமினார். "திருட்டுச் சாமான எனக்கு மாட்டிவிட்டிருக்க. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வண்டி உன்கிட்ட வராது பாத்துக்க."

"அண்ணே, திருட்டுன்னு மட்டும் சொல்லாதீக" என்றான் அவன். "சும்மா கெடக்குற வண்டிதானேன்னு எடுத்து மாட்டினேன், அது தப்புத்தான். ஆனா வண்டிய சும்மா போட்டு வைக்கச் சொன்னது நானா? பிளேட்டு வந்து அஞ்சு வாரமாச்சு. சாருதான் மாட்ட வேணாம்னாரு."

"எந்தச் சாரு?" என்றேன்.

அவன் மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தான். உள்ளே புது பிளேட்டு, எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காமல். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"உங்க வீட்டுச் சாருதான் டீச்சர். பிளேட்டு வந்த அன்னைக்கே ஆபீசுக்குப் போயிச் சொன்னேன். 'ரெண்டு மாசம் இழுத்தடி முத்து, பம்பாயில இருந்து வரணும்னு சொல்லிரு. ரெண்டு வாட்டி லேட்டாப் போனா அவளே டவுன் ஸ்கூலுக்கு வந்துருவா. அவ ஹெட்மிஸ்ட்ரஸு, நான் ஹெட் கிளார்க்கான்னு ஆபீசுல சிரிக்கிறாங்க'ன்னாரு."

நல்லகாமன் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்தார். எனக்கு ஞாபகம் வந்தது அந்த ரசம்தான். எம்புட்டு இளைச்சுட்ட என்று சொன்ன வாய்க்கு நான் ஊற்றிய ரசம்.

அழுவேன் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரைக் கேட்டேன். முத்துக்கருப்பன் கிளட்சை மாட்டி எஞ்சினை ஏற்றி முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கார்புரேட்டரை அவனைத் தொடவிடவில்லை. நானே மாட்டினேன், ஆயில் ஊற்றி 14ஆம் நம்பர் மூடியைத் திருகினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாரிஸ் செருமிக்கொண்டு கிளம்பியது.

வண்டியோடு வீட்டுக்கு வந்ததும் இவர் வாசலுக்கு ஓடி வந்தார். உடம்பு சரியாகிவிட்டது போலிருக்கிறது. "அட, பிளேட்டு வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சு" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கத்தினால் காலையில் அவர் சமாதானம் சொல்வார், உன் நல்லதுக்குத்தான் என்பார். அந்தச் சமாதானத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிறு காலை, பூசைக்குப் போக எல்லாரும் வாசலுக்கு வந்தோம். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் அக்கா வழக்கம்போல எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால். வெள்ளைச் சட்டையில் இவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, எதிர்வீட்டு சத்தியசீலனுக்குக் கை காட்டிவிட்டு, ஸ்டார்ட்டரை இழுத்தார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். பத்துத் தடவை இழுத்தார். சத்தியசீலன் "தள்ளணுமா அண்ணே?" என்று இறங்கி வந்தார். மற்ற வீட்டு வாசல்களிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். இவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"என்ன பிலோமி, நேத்துத்தான சரிபண்ணுன? என்னாச்சு?"

நான் பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"பார்ட்ஸு இல்லையாம். பம்பாயில இருந்து வரணுமாம். ரெண்டு மாசம் இழுத்தடிக்கச் சொல்லி முத்துக்கருப்பன்கிட்ட யாரோ சொன்னாங்களாம்."

மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது. கை ஸ்டார்ட்டரிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை.

நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். கைப்பையிலிருந்து ரோட்டரை எடுத்து, எல்லாரும் பார்க்கவே அதன் இடத்தில் வைத்து அழுத்தி மூடினேன். பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"இறங்குங்க."

"பிலோமி, எல்லாரும் பாக்குறாங்க."

"ஆறு வாரமா என்னையும் எழுமலையே பாத்துச்சு. இறங்குங்க. இன்னாசியக்கா, நீங்க முன்னால வாங்க."

அவர் இறங்கினார். பின் சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. நாளைக் காலை எட்டே முக்காலுக்கு எழுமலையில் நானே மணி அடிப்பேன். அந்த ரோட்டர் இனிமேல் என் கைப்பையில்தான் தூங்கும்.

கோயிலில் ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். பூசையில் பரலோக மந்திரம் வந்தது. நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதாகச் சொல்கிற இடத்தில் நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் தனியாக, எல்லாருக்கும் மேலே, சத்தமாகக் கேட்டது.