கோட்டு போட்ட கோதண்டம்

தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த அப்பாவை மதி மறுபடியும் போய்ப் பார்த்தாள். கண்ணீர் அஞ்சலி, திரு. இரா. கோதண்டம். இளவயதுப் படம் ஒன்றைத் தேடிக் கொடுத்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். இப்படி ஒருவர் வியாசர்பாடியில் வாழ்ந்த மாதிரியே இல்லை. சாயங்காலம் எடுக்க வேண்டும். ஷாமியானாவில் நாற்காலிகள்தான் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தன.

போஸ்டரில் பெயருக்கு முன்னால் ‘டோஸ்டர்’ என்று பட்டப்பெயரைப் போடாவிட்டால் இந்த பிளாக்கைத் தாண்டி எவனுக்கும் தெரியாது என்று அப்பாவின் தோஸ்து எத்திராஜ் காலையிலேயே சொன்னார். பள்ளிக்கூடம் முழுக்க ‘டோஸ்டர் பொண்ணு’வாக இருந்த மதி ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கப்பா இன்னா மெஷினா மாமா? செத்த அன்னிக்காச்சும் மனுசனா இருக்கட்டும்."

சினிமாவில் டோஸ்டர் இருக்கிற வீட்டில் மாடிப்படி வளைந்து இறங்கும். ஹவுசிங் போர்டில் நேராகத்தான் இறங்கும், அதிலும் பாதி இருக்காது. ஹார்பரில் மூட்டை தூக்கிய கோதண்டம் அங்கே ஒரு டோஸ்டர் வாங்கி வைத்தார். இந்தப் பக்கம் ஜுரம் வந்தால்தான் பிரெட். பிரெட்டும் கையுமாக ஜனம் படியேறும். அழுத்தினால் கீழே நிற்காத டோஸ்டர். கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே ஜுரத்தின் பூர்வீகத்தை விசாரிப்பார். விரலை எடுத்ததும் ரொட்டி எகிறும். நடுங்கிக்கொண்டிருக்கிற ஆளும் சிரித்துவிடும். அந்த ஒரு நிமிஷம் எல்லோரும் பணக்கார வீட்டு நோயாளிகள்.

பிரெட் பாக்கெட்டோடு ஒருத்தி வந்து நின்றாள். பெயர் ரெஜினா என்று பிறகுதான் தெரிந்தது. போஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆரோ கோட்டு போட்ட பெரிய மனுசன் பூட்டாரு போல. டோஸ்டரு வூட்ல கீறாராம்மா? புள்ளைக்கு ஜுரம்."

மதி கைப்பையிலிருந்து ஆபீஸ் மார்க்கரை எடுத்தாள். ‘திரு’வை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: டோஸ்டர்.

ரெஜினா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மார்க்கரை வாங்கிக்கொண்டு எத்திராஜ் மற்ற சுவர்களுக்கு ஆட்டோவில் பறந்தார். புளியந்தோப்பிலிருந்தெல்லாம் வந்தார்கள். நாற்காலி போதவில்லை, எடுக்கிற நேரம் தள்ளிக்கொண்டே போனது.

மதி மேலே போய் டோஸ்டரைத் தூக்கி வந்தாள். ஐஸ் பெட்டிக்கு இழுத்திருந்த எக்ஸ்டென்ஷனில் இன்னொரு பிளக் காலியாக இருந்தது. பெட்டியருகே இருந்த அம்மா பட்டம்மாள் தலையைத் தூக்கினாள்.

"பொணம் எடுக்காம அடுப்பு மூட்டக் கூடாதுடி."

"அடுப்பு இல்லம்மா. கரண்டு."

பட்டம்மாள் டோஸ்டரை எட்டிப் பார்த்தாள்.

"நல்லா சொவக்க வுடு. வெள்ளையா குடுத்தா உங்கப்பன் ஒத்துக்க மாட்டாரு."

மதி ரெஜினாவின் பிரெட்டில் இரண்டைச் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினாள். மேளம் தொடங்கியது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே கம்பி சிவந்துகொண்டிருந்தது. விரலை எடுக்காமலே, பாக்கெட்டோடு பக்கத்தில் நின்ற ரெஜினா பக்கம் திரும்பினாள்.

"ஜுரம் எப்போலர்ந்து?"