கண்காட்சியிலிருந்து இறங்கிய கோட்டு

கோட்டைத் தூக்கிக் கொடுத்தது தன் தப்புதான் என்று ஹல்வோருக்கு மே மாதம் இரண்டாம் வாரம்தான் உறைத்தது. அதற்குள் ஒரு முட்டை போய்விட்டது.

மனைவி ராக்னா இறந்தது செப்டம்பரில். அவளுடைய நீலக் கட்டம் போட்ட கோட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. காலையில் காப்பி போடப் போனால் முதலில் அதுதான் கண்ணில் படும். மனுஷன் எத்தனை நாள் தாங்குவார்? ஜனவரியில் ராக்னாவின் அக்கா மகள் குன்வோர் படகில் வந்து, பழைய பள்ளிக்கூடத்தில் பாரம்பரியக் கூடம் திறக்கப்போகிறோம், சித்தியின் கோட்டு வேண்டும் என்று கேட்டதும், "எடுத்துட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டார். குன்வோர்தான் ஸ்கார்வோய் தீவுகளின் நகராட்சியில் பண்பாட்டு அதிகாரி. செவ்வாய்க்கிழமைகளில் நூலகரும் அவள்தான். படகு நேரம் மாறினால் அறிவிப்பு ஒட்டுகிறவளும் அவள்தான். நானூறு பேர் இருக்கிற நகராட்சியில் ஆளுக்கு மூன்று நாற்காலி.

கோட்டு போனபிறகு வெறும் ஆணி கண்ணில் பட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கடல் வாத்துகள் கரையேறின. அவற்றுக்குக் கல்லும் பலகையும் வைத்து, உலர்ந்த கடற்பாசி பரப்பி இடம் செய்து கொடுப்பது இங்கே பெண்கள் வேலை. வாத்து அடைகாத்து முடிக்கும்வரை காக்கை அண்டாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் இருப்பார்கள். குஞ்சுகளோடு அது கடலுக்குப் போனதும், கூட்டில் விட்டுப்போகும் மெத்தென்ற தூவியை எடுத்துப் போர்வை தைப்பார்கள். அந்த நாட்களில் கொடியில் துணி காயாது, சுத்தியல் சத்தம் கேட்காது, நாயைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். காவல் இருப்பவள் வருஷா வருஷம் ஒரே உடுப்பைத்தான் போட வேண்டும். வாத்துக்கு ஆள் அடையாளம் உடுப்புதான்; ராக்னாவுக்கு அந்த நீலக் கோட்டு. எழுபத்தொரு வயது ஹல்வோருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஜனவரி மாதத் துக்கத்தில் வாத்தை யார் நினைத்தார்கள்?

அலகில் சின்ன வெட்டு உள்ள ஒரு பெட்டை ஒன்பது வருஷமாகச் சமையலறைப் படிக்குக் கீழேதான் அடைகாத்து வந்தது. அது நடக்கிற தோரணையைப் பார்த்து ராக்னா அதற்கு மேயரம்மா என்று பெயர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "மேயரம்மா வருவா. நான் இல்லன்னு மிரண்டுடப் போறா. பாத்துக்கங்க."

மேயரம்மா வந்தது, நாலு முட்டை இட்டது. ஆனால் ஹல்வோர் கதவைத் திறந்தால் போதும், அடித்துப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் பறந்தது. அவர் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் பார்த்தார். புல்லில் தவழ்ந்து பார்த்தார். மேயரம்மா ஏமாறவில்லை. நாலாவது தடவை அது பறந்தபோது காக்கை ஒரு முட்டையைக் கொத்திக்கொண்டு போயிற்று. இன்னும் ஒன்றிரண்டு தடவை இப்படி மிரண்டால் கூட்டையே விட்டுவிடும், அப்புறம் எந்த வருஷமும் திரும்பாது. ராக்னா கேட்டது இந்த ஒரே ஒரு காரியம். அதையும் கோட்டை விட்டாயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டு அவர் படகை எடுத்தார்.

பாரம்பரியக் கூடத்தில் தலையில்லாத பொம்மை ஒன்று ராக்னாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. கீழே சீட்டில் ஒரு எண்.

"சித்தப்பா, அது இப்ப நகராட்சி சொத்து. நம்பர் போட்டாச்சு. கையுறை இல்லாம நானே தொடக்கூடாது" என்றாள் குன்வோர்.

"நம்பரெல்லாம் மேயரம்மாவுக்குத் தெரியாதும்மா."

"மேயர் ஆஸ்லோ போயிருக்காரே?"

"நான் வாத்தைச் சொல்றேன்."

அவர் நடந்ததைச் சொன்னார். ஜன்னல் ஏறிய கதையில் குன்வோருக்குச் சிரிப்பு வந்தது. ராக்னா ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. மேஜையிலிருந்து இரவல் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"எத்தனை நாளைக்குன்னு எழுதட்டும்?"

"குஞ்சு தண்ணில இறங்குற வரைக்கும்."

அவள் அப்படியே எழுதினாள். "கோட்டுப் பையில இருந்த தலைத்துணியையும் எடுத்துக்கங்க. சித்தி அது இல்லாம வெளிய வரமாட்டாங்க. கோட்டுல கொஞ்சம் மீன் வாடை அடிக்கும் சித்தப்பா. பூச்சி அரிக்காம இருக்க பத்து நாள் ஃப்ரீசர்ல வைக்கணும்னு விதி. நகராட்சிக்கு ஏது ஃப்ரீசர்? எங்க வீட்டுல மீனோடதான் வச்சேன்."

திரும்பும் வழியில் அவர் படகை நிறுத்திவிட்டுக் கோட்டில் முகத்தைப் புதைத்தார். மீன் வாடைதான் அடித்தது. அதற்கு அடியில் எங்கேயாவது ராக்னா இருப்பாள் என்று காலரிலும் அக்குளிலும் தேடினார். இல்லை. நடுக்கடலில் வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து பின்வாசல் வழியாகப் போய், சமையலறையில் நின்று கோட்டைப் போட்டுக்கொண்டார். தோளில் இறுக்கியது, கை முழங்கையோடு நின்றது. தலைத்துணியை முடிந்துகொண்டார். ராக்னாவுக்கு இடது முட்டியில் வலி, படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவாள். கதவைத் திறந்து அவரும் அப்படியே இறங்கினார்.

மேயரம்மா அசையவில்லை.

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்தார். வாத்து கழுத்தை நீட்டிக் கோட்டைப் பார்த்தது. பிறகு தொண்டைக்குள்ளேயே மெதுவாகக் கூவியது. ஒன்பது வருஷமாக அந்தக் கூவலை அவர் ஜன்னலுக்கு உள்ளே இருந்துதான் கேட்டிருந்தார். அது கூவும், ராக்னா தாழ்ந்த குரலில் ஊர்க்கதையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னிடம் இத்தனை பேசுவதில்லையே என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

மறுபடியும் கூவிவிட்டு அது பதிலுக்குக் காத்திருந்தது.

ஹல்வோர் வாயைத் திறந்தார். அவள் போய்விட்டாள், எட்டு மாதம் ஆகிறது, எனக்கு இந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கார்வோயில் ராக்னா உயிரோடு இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். அதையும் அவர் கெடுப்பானேன்?

வாயை மூடிக்கொண்டார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவள் எப்போதும் உட்காரும் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.