இருபத்திரண்டாவது கட்டைவிரல்

"அண்ணி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"அதை விட்டு நாலு நாளாச்சு. விதை ஊற வெச்ச தண்ணி குடிச்சா தானா இறங்கிடும்னு அண்ணன்தான் குரூப்ல போட்டிருக்காரே."

"தலை எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கிர்ருங்குது. பழைய மருந்தெல்லாம் வெளியேறுது போல."

மருந்துக் கடையின் பின்னறையில் நின்று நாத்தனாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள் சின்ன மருமகள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையில் நிற்கிறாள். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு, வாய் கோணி ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு பேரை அவளுக்குத் தெரியும்.

"நிறுத்தக் கூடாது அண்ணி. இன்னிக்கே போடுங்க."

நாத்தனார் சிரித்தாள். "நீ மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ. எடுத்துக் குடுக்கிறது வேற, சொல்றது வேற. அண்ணன் ஹெட்மாஸ்டரா இருந்தவரு."

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்.

"குரூப்ல எழுதேன்."

"மூணு தடவை எழுதிட்டேன்."

"நீ எழுதினா மழை வந்த மாதிரி. எல்லாரும் ஒதுங்கி நின்னுடுவாங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானா? அண்ணன்கிட்டயா?" என்று அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அந்தக் குடும்பக் குழுவில், ஹெட்மாஸ்டரைச் சேர்க்காமல் இருபத்திரண்டு பேர். காலை ஆறு மணிக்கு அவர் ஏதாவது அனுப்புவார். எட்டுக்குள் இருபத்திரண்டு கட்டைவிரல்கள் விழுந்தாக வேண்டும். முதலில் மூத்த தம்பி, பிறகு மாப்பிள்ளைகள், கடைசியில் சின்ன மருமகள். இந்த வரிசையை யாரும் போட்டதில்லை. யாரும் மாற்றியதும் இல்லை.

மறுநாள் அவள் கட்டைவிரல் போடவில்லை. கோபத்தில் செய்ததுதான், வேறு யோசனை இல்லை.

ஒன்பதரைக்கு ஹெட்மாஸ்டரின் மனைவி கூப்பிட்டாள். "உனக்கு உடம்பு சரியில்லையா? இருபத்தொண்ணுதான் வந்திருக்குன்னு இந்த மனுஷன் டிபனைத் தொடாம உட்கார்ந்திருக்கார்."

எழுதியது மூன்று முறையும் கண்ணில் படவில்லை, எழுதாதது பட்டுவிட்டதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "போனை அத்தான்கிட்ட குடுங்கக்கா."

"என்னம்மா, என் மேல வருத்தமா?"

"அதெல்லாம் இல்லை அத்தான். விதைத் தண்ணியைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?"

"எங்க ஆசிரியர் சங்கத் தலைவர் அனுப்பினார். பெரிய மனுஷர்."

"அவருக்கு?"

"அவருக்கும் யாராவது பெரியவங்கதான் அனுப்பியிருப்பாங்க."

"சரி. நீங்க பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"நானா? நான் எப்படிம்மா நிறுத்துவேன்? டாக்டர் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாரே."

"அண்ணி நிறுத்திட்டாங்க. அஞ்சாவது நாள். தலை சுத்துதாம்."

"யாரு, நம்ம பாப்பாவா?" அறுபது வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். குரல் இறங்கிவிட்டது. "நான் படிச்சுப் பார்க்கச் சொல்லித்தானே அனுப்பினேன்?"

"உங்க பேர்ல வந்தா யாரும் படிக்கிறதில்லை அத்தான். அப்படியே செஞ்சுடுறாங்க."

"இப்ப என்னம்மா பண்றது?"

"விதைத் தண்ணி நல்லதா கெட்டதான்னு எதுவும் சொல்ல வேண்டாம். நான் இன்னிக்கும் மாத்திரை போட்டேன்னு மட்டும் அண்ணிகிட்ட சொல்லுங்க, போதும்."

"அவளுக்கு மட்டும் சொன்னா எப்படி? வேற யாரெல்லாம் நிறுத்தியிருக்காங்களோ" என்று போனை வைத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் குழுவில் ஒரு வரி வந்தது. 'நான் மாத்திரையை நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தாதீர்கள். அனுப்பியது என் தவறு.' இதற்கு என்ன போடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மதியம் வரை ஒரு கட்டைவிரலும் விழவில்லை.

சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டாள். "காலையில அண்ணன் போன் பண்ணி, உடனே டாக்டர்கிட்ட போன்னு ஒரே சத்தம். பிரஷர் நூத்தித் தொண்ணூறு! டாக்டர் மறுபடி மாத்திரை குடுத்து ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டார்."

"இப்ப?"

"நூத்தி அறுபது. நீ எழுதினதையும் இப்பத்தான் படிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே."

"ம்."

"இனிமே எதுனாலும் எனக்குத் தனியா எழுது. குரூப்ல யார் படிக்கிறா? அது கிடக்கட்டும், சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வருஷமா ஏதோ ஒரு நேரத்துல முழுங்கிட்டிருக்கேன்."

"மாத்திரை அட்டையை எடுத்து, மேல இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க அண்ணி," என்றாள் அவள்.